பதினேழும் இருபத்தேழும்

காலையில் எத்தனை மாத்திரை விழுங்கினோம் என்று விரல் மடக்கிப் பார்க்கும் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஐந்து. இரண்டு சர்க்கரைக்கு, இரண்டு இரத்த அழுத்தத்துக்கு. ஐந்தாவது எதற்கென்று மூன்று முறை கேட்டுவிட்டேன், இன்னும் மனதில் நிற்கவில்லை. இளையவர்கள் இதைப் படித்தால் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் சலித்துக்கொள்ள மாட்டீர்கள். உங்களுக்கும் என்னைப்போல் பொழுது நிறையக் கிடக்கிறது, வந்து பேசத்தான் ஆள் இல்லை.

நான் எதையும் எண்ணுகிறவன். ஈப்போவில் என் வீட்டிலிருந்து ஜெலாப்பாங்கில் அக்கா வீட்டுக்கு ஒன்பது சிக்னல் விளக்குகள். அக்காவின் அடுக்குமாடிக்கு ஐம்பத்தாறு படிகள். லிஃப்ட் உண்டு, மாதத்தில் பத்து நாளாவது ஓடாது. முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு கோப்பிலும் எண் தப்பியதில்லை. ஒரே ஒரு எண்ணைத்தான் தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அப்போது எனக்கு வயது பத்து.

பத்து காஜா என்ற ஊரிலிருந்து எட்டு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. எங்கள் லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. போய்ப் பார்த்தேன்; பார்க்காமலே இருந்திருக்கலாம். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஏழாவது எங்களுடையது, எட்டாவது அத்தையுடையது. நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாது. அத்தை தும்மினால் எங்கள் வீட்டில் அம்மா “நூறு” என்பாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவனை இழந்தவள். ஒரே மகன். அவர்தான் எனக்கு அத்தான். என் அக்காவுக்கு அவரைப் பரிசம் போட்டிருந்தது. அக்காவுக்குப் பதினேழு, அத்தானுக்கு இருபத்தொன்று. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பத்து வயதுப் பயலை, பெரிய மனிதனைக் கூப்பிடுவதுபோல், “என்னா மச்சான், பசியாறிட்டீங்களா?” என்பார். எனக்கு அதில் அரை அங்குலம் உயரம் கூடும்.

தோட்டத்தில் அவர் புல்வெட்டுக் கும்பலில் இருந்தார். ஒருநாள் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஏதோ சொல்ல, வெட்டுக்கத்தியை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தவர் பினாங்கு போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய், சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கப்பலேறுமுன் அங்கே ஒரு படம் எடுத்து அனுப்பினார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. பின்னால் கடல் இல்லை. பனி மூடிய மலையும் ஒரு மாடும் வரைந்த திரை. “கப்பலுக்குப் போனவன் மாட்டோட நிக்கிறான்” என்று அப்பா சிரித்தார். அந்தப் படம் எந்த வீடு மாற்றலில் தொலைந்தது என்று தெரியவில்லை. நாங்கள் ஐந்து முறை வீடு மாறினோம்.

கடிதங்கள் அத்தை பெயருக்கு வரும். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை முக்காலியில் உட்கார வைத்து, கையைத் துடைத்துவிட்டு, கடிதத்தைக் கொடுப்பாள். காகிதத்தில் எண்ணெயும் வெங்காயமும் கலந்த வாசனை அடிக்கும். அத்தானுக்குக் கப்பலின் அடுப்படியில் வேலை. முப்பத்தெட்டு பேருக்குச் சமைக்கிற சீனருக்கு உதவியாள்.

“மறுபடியும் படி” என்பாள் அத்தை.

“இப்பதானே படிச்சேன்?”

“மொத தரம் காதுல விழறதுக்கு. ரெண்டாம் தரம்தான் எனக்கு.”

அப்பா பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். “அக்கா, ஒன் மவன் என்னா கப்பல ஓட்டறானா, இல்ல இன்னமும் வெங்காயந்தான் உரிக்கிறானா?”

“ஒனக்கென்னடா? நீ பால்வாளி தூக்கித் தோளு தேஞ்சவன். என் புள்ள ஒக்காந்துகிட்டே ஊரு ஊராப் போறான்.”

அந்த வருடம் மரங்கள் இலை கொட்டிய காலம். உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்: காடு முழுவதும் மொட்டையாகி, வெயில் தரை வரைக்கும் இறங்கும். பால் குறையும். காய்ந்த இலைமேல் யார் நடந்தாலும் நாலு மர நிரைக்கு அப்பால் கேட்கும். அந்தச் சத்தத்தோடுதான் ஒரு மத்தியானம் கிராணியார் லயத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் யாழ்ப்பாணத்தார். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். லயத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

“அம்மா, கொஞ்சம் இருங்கோ” என்றார் அத்தையிடம். கையில் தந்தி.

வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அத்தானின் கப்பல் சிங்கப்பூரிலிருந்து சைகோன் பக்கம் சிமெண்டு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. முந்தின மாதம் இருபதாம் தேதிக்குப் பிறகு அதிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. கப்பலும் அதிலிருந்த அனைவரும் மூழ்கியிருக்க வேண்டும் என்று கம்பெனி எண்ணுகிறது. கண்ணிவெடியா, புயலா, யார் போட்ட குண்டு, எதுவும் தந்தியில் இல்லை.

“கப்பலு காணோமா? இல்ல, எம் புள்ள காணோமா?” என்று கேட்டாள் அத்தை.

கிராணியார் தந்தியை மறுபடியும் பார்த்தார். “கப்பல் எண்டுதான் முதல்லை கிடக்கு, அம்மா. உங்கட மகன்ரை பேர் கீழை இருக்கு.”

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அழவும் இல்லை. உடல் இல்லாமல் எப்படி அழுவது என்று தெரியாமல் இருந்தார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். லயத்துப் பெண்கள் வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போனார்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

கோயில் பண்டாரத்தைக் கூப்பிட்டார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதை எரித்துக் கருமாதி செய்யலாம் என்றார் அவர். இறந்த நாள் தெரியாததால் அமாவாசையில் செய்ய வேண்டும். மூன்று வாரம் யோசித்து அத்தை சரியென்றாள். வெள்ளைத் துணி வாங்கி வந்தார்கள். பண்டாரம் புல்லும் அறுத்துவிட்டார்.

அத்தை சரியென்று சொல்ல இன்னொரு காரணம் இருந்தது. என் அக்கா. பரிசம் போட்டவனுக்குக் காரியம் முடியாமல் அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வர முடியாது. காரியம் முடிந்துவிட்டால் தைப்பிங்கில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். அம்மா வழியில் தூரத்து உறவு, ஆஸ்பத்திரியில் வேலை, நல்ல மாதிரி. அமாவாசை சனிக்கிழமை. அதற்கடுத்த வாரமே வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

பலகை மறைவில் அம்மாவும் அத்தையும் இதைப் பேசியது என் காதில் விழுந்தது. அத்தைதான் முதலில் பேச்செடுத்தாள். “எம் புள்ளையோட போச்சு. ஒம் புள்ளையும் எதுக்கு ஒக்காந்திருக்கணும்?”

அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் விடியலில் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள், வந்தாள், துணி துவைத்தாள். எனக்குத் தலை சீவிவிட்டாள். எனக்கு அக்காவைத் தவிர யாரும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பன்னிரண்டு வீட்டில் என் வயதில் ஒரு பையனும் கிடையாது. எல்லோரும் ஐந்து வயதுக்குக் கீழே, அல்லது பதினைந்துக்கு மேலே. தைப்பிங் எவ்வளவு தூரம் என்று பள்ளிக்கூடத்து வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன். அங்கே எப்போதும் மழை என்று வாத்தியார் சொன்னார். அக்கா ஓயாத மழையில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், நான் இங்கே தலை சீவாமல் பள்ளிக்குப் போவதாகவும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அத்தானுக்காக நான் அழுதேனா என்றால், இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மையைத்தானே எழுத வேண்டும்?

புதன்கிழமை மத்தியானம் அலுவலகப் பையன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தான். தோட்டத்தின் வேறு டிவிஷனுக்குப் போகும் தபால் பைக்குள் போய் அங்கேயே கிடந்திருக்கிறது. உறையில் அத்தானின் கையெழுத்து. அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் அத்தை வீட்டில் கூடிவிட்டோம். ஐந்து பேர்.

அத்தை என்னை முக்காலியில் உட்கார வைத்தாள். கையைத் துடைக்க மறந்துவிட்டாள். உறையைப் பிரிக்க விடவில்லை.

“மொதல்ல இது என்னைக்கு எழுதினதுன்னு பாரு.”

அத்தான் கடிதத்தில் தேதி போடுகிற பழக்கமில்லை. தபால் முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். வட்டமான கறுப்பு முத்திரை. மேலே ஆங்கிலத்தில் சிங்கப்பூர். நடுவில் தேதி, அதே மாதத்தில். மை கொஞ்சமும் கலையவில்லை. பதினேழு.

“இருவதுக்கு முன்னயா, பின்னயாடா?” அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரலில் ரப்பர் பால் காய்ந்து தோல்போல் ஒட்டியிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவருகே சுவரைப் பார்த்து நின்றாள். சனிக்கிழமையை நினைத்தேன். அதற்கடுத்த வாரத்தை நினைத்தேன்.

“பின்னாடி அத்தை” என்றேன். “இருபத்தேழு.”

அப்பா கை நீட்டி உறையை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முடிந்தேன் என்று நினைத்தேன். அவர் உறையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பார்த்துவிட்டு அத்தை மடியில் வைத்தாள்.

“படிச்சவன் சொல்றான்” என்றார் அப்பா. “அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பயத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறகு கடிதத்தைப் படித்தேன். நாளைக்குக் கப்பல் கிளம்புகிறது. சண்டை நடக்கிற பக்கம் போகிறோம். எங்களுடையது சாமான் கப்பல், பட்டாளக் கப்பல் இல்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பியதும் பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். மாமாவிடம் சொல்லவும், இப்போது வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். “அந்தப் பாழாப்போன கப்பல்ல அவன் ஏறவே இல்ல. இருவத்தேழாந்தேதி சிங்கப்பூருல ஒக்காந்து கடுதாசி எழுதியிருக்கான். வேற கப்பல்ல போயிருக்கான்!”

“கம்பெனி லிஸ்டுல பேரு இருக்கே, அக்கா” என்றார் அப்பா, மெதுவாக.

“பேரு இருந்தா ஆளு இருக்கணுமா? பெரட்டுல மண்டோரு எத்தன நாளு வராத ஆளுக்குப் பேரு போட்டிருக்கான்? நீயே தூங்கிக்கிட்டுப் பேரு வாங்கினவந்தானே?”

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது அப்படி நடப்பதுண்டு. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. வெள்ளைத் துணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பண்டாரம் அறுத்த புல்லை என்ன செய்வது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். தைப்பிங்காரர்கள் வரவில்லை. நாலு மாதத்தில் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அம்மா போய்வந்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்லாப் பாத்தியாடா?”

“பார்த்தேன்.”

“சரி.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

உறை அத்தையின் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு நாள் அத்தை வேலைக்குப் போன நேரத்தில் பேனாவோடு போய்ப் பார்த்தேன். ஒன்றை இரண்டாக்கிவிடலாம் என்று நினைப்பு. பெட்டிக்குப் பூட்டு. பூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மரங்கள் மறுபடியும் துளிர்த்தன. கடிதம் வரவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அக்கா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அத்தை அக்காவோடு இருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று வாங்கி வைப்பாள், அளவு மாற்றாமல். அத்தை சாகும்போது அக்காவுக்கு முப்பத்து நாலு. யாரும் கேட்டு வரவில்லை. எனக்குக் கல்யாணமாயிற்று, மூன்று பிள்ளைகள், மூவரும் கோலாலம்பூரில். மனைவி போய் ஆறு வருடம். ஞாயிறுதோறும் அக்காவைப் பார்க்கப் போவேன். என் பொய்யைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசியதில்லை. ஆனால் ஒன்பது விளக்குகளிலும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்பேன். அவளுடைய வாழ்க்கையை ஒரு சொல்லால் கெடுத்தவன் நான், நான் மட்டும்தான், என்று.

போன மாதம் அக்காவுக்கு முழங்கால் வீங்கி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பதிவு செய்கிற இடத்தில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி. சின்ன வயது.

“பாட்டி, வீட்டுக்காரர் இருக்காரா?” என்று படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“கப்பல்ல இருக்காரு” என்றாள் அக்கா.

“இந்த வயசுலயுமா? பென்ஷன் குடுக்க மாட்டாங்களா?”

“சொல்லிப் பாத்தாச்சு லா. எறங்க மாட்டேங்குறாரு.”

அந்தப் பெண் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எங்கள் எண் 1074. பலகையில் 1041 ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று பேர். பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். முத்திரையில் பதினேழு என்றுதான் இருந்தது, நான்தான் இருபத்தேழு என்றேன், நீ தைப்பிங் போகக் கூடாது என்பதற்காக. சொல்லி முடிப்பதற்குள் நாலு எண் ஓடிவிட்டது.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்டா.”

“எப்ப?”

“அன்னிக்கே. அத்த குளிக்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன். ஏன், எனக்கு நம்பரு தெரியாதா?”

“அப்பாவுக்கு...”

“அப்பா வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரே, என்னாத்தன்னு நெனச்ச? அம்மாவும்தான் பாத்தாங்க.”

“அத்தைக்கு எழுத்துத் தெரியாதே, அக்கா.”

“எழுத்துத் தெரியாது. ஸ்டோருல பால் எட போடறப்ப கிராணி நாப்பதுன்னு எழுதினா, தராசுல நாப்பத்திரெண்டுன்னு நிக்கிதேன்னு சண்டைக்கு நிக்கிறது யாரு? அத்ததான். நம்பரு தெரியாம எவடா பால் வெட்டினா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஐம்பத்தொன்பது வருடம் எல்லாவற்றையும் எண்ணியவனுக்கு இது தோன்றவில்லை. ஐந்து பேரில் ஐந்து பேருக்கும் எண் தெரியும். எழுத்துத் தெரியாதவர்கள் எண்ணும் தெரியாதவர்கள் என்று பள்ளிக்கூடம் போன ஒருவன்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அத்தை என்னிடம் தேதி கேட்கவில்லை. யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அதைக் கேட்டாள். நான் வேறொன்றைச் சொன்னேன். அதையே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

“அப்பா ஏன் சொல்லல?” என்றேன்.

“தன்னோட அக்காகிட்ட ஒம் மவன் செத்துட்டான்னு எப்படிச் சொல்லுவாரு? அம்மா சொன்னா, மவளத் தள்ளிவிட அலையிறான்னு ஊரு பேசும்.”

“நீ?”

“நானா?” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பரிசம் போட்ட பொண்ணு, அவரு செத்துட்டாருன்னு நானே சொல்லுவனா? யாராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒன்னயும் ஒரு தரம் குழாயடியில வந்து கேட்டேன். பெறவு அத்த செத்தப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பா போறப்ப, அம்மா போறப்ப. யாரும் சொல்லல.”

பலகையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. நான் பார்க்கவில்லை.

“சரி, இப்பச் சொல்லு” என்றாள்.

“என்ன சொல்ல? அதான் சொன்னேனே.”

“நீ பொய் சொன்னதச் சொன்ன. அத நான் கேக்கல. அன்னிக்கி சொல்ல வேண்டியதச் சொல்லு.”

கிளினிக்கில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் காதருகே குனிந்தேன்.

“அந்தக் கடுதாசி பதினேழாந்தேதி எழுதினது, அக்கா. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி. அத்தான் அந்தக் கப்பல்லதான் போனாரு. செத்துப் போயிட்டாரு.”

அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை.

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள்.

சொன்னேன்.